நீங்க உட்காருங்க

இந்த நாற்காலியை யார் பார்த்து வாடகைக்கு எடுத்தார்களோ. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற ராஜா நாற்காலி. சிவப்பு வெல்வெட், கைப்பிடி இரண்டிலும் பொன் வர்ணம் பூசிய சிங்கத் தலை, இடது பக்கத்துச் சிங்கத்துக்கு மூக்கு உடைந்திருக்கிறது, அந்த மூக்கைத்தான் விழா ஆரம்பித்ததிலிருந்து விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன், வேறு என்ன செய்ய, கழுத்தில் கிடக்கிற சம்பங்கி மாலை குனியவிடவில்லை, தோளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொன்னாடை, தூத்துக்குடி வெயில் தகரக் கூரை வழியாக இறங்கி உச்சந்தலையில் நிற்கிறது. மைக்கில் தமிழய்யா. 'தங்கபுஷ்பம் டீச்சரை நான் நின்ற திருக்கோலத்து நாயகி என்றே அழைப்பேன்' என்கிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், எதற்கென்றாலும் தட்டுவார்கள், கடைசிப் பீரியடு இல்லாமல் போன சந்தோஷம். 'முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு நாளாவது டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர் உண்டா?' இல்லை என்று கூட்டம் கத்துகிறது. 'அதுதான் அர்ப்பணிப்பு!' அர்ப்பணிப்பாம். ஐயா, நான் உட்காராமல் இருந்ததற்குக் காரணம் அர்ப்பணிப்பு இல்லை. காரணம் எனக்கு வலது பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேரி பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. பெயர் தாணுலிங்கம். மாவட்டக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், மகள் கையைப் பிடித்து மேடை ஏற்றிவிட்டாள். சிறப்பு விருந்தினராக அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஹெச்.எம். லூர்து மேரியிடம் ஒற்றைக் காலில் நின்றது நான்தான். 'சார் மேல அவ்வளவு மரியாதையா டீச்சர்?' என்று லூர்து மேரி கண் கலங்கிவிட்டாள். கடைசியில் ஏற்புரை என்று ஒன்று எனக்கு உண்டு. அதில் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். தோசை மாவு ஆட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, குளிக்கும்போது சொல்லிச் சொல்லித் தேய்த்து வழவழவென்று ஆக்கிய வாக்கியம். 'இதே பள்ளிக்கூடத்தில், என் பிள்ளைகள் முன்னால், நீங்க உட்காருங்க என்று என்னிடம் சொன்னவர் இவர். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. இன்றைக்கு இந்தச் சிங்கத்துக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள், திருப்திதானே சார்?' அவ்வளவுதான். சொல்லிவிட்டு வணக்கம் போட்டுவிடுவேன்.

இப்போது பூகோள டீச்சர் வந்து ஒரு பொன்னாடை போர்த்துகிறாள். இந்தப் பொன்னாடையை எனக்குத் தெரியும். ஓரத்தில் டீக்கறை, பழைய பைசா அளவுக்கு. போன வருஷம் டிராயிங் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது அவருக்கு நான் போர்த்தியது. அவர் யாருக்குப் போர்த்தினாரோ, அது எந்தெந்தத் தோளெல்லாம் ஏறி இறங்கியதோ, வீடு தேடி வந்துவிட்டது. சிரிப்பு வருகிறது. மாலைக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறேன். பாராட்டும் இந்தப் பொன்னாடை மாதிரிதான், யாருக்குப் போர்த்தினாலும் பொருந்தும், அதனால் எனக்கென்று ஒட்டுவதில்லை. நல்லாசிரியர் விருது வாங்கினேன், மேடையில் என்னைப் பற்றி ஒருவர் நீளமாகப் பேசினார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம், ஒன்றும் நினைவில்லை. ஆனால் எனக்குக் கல்யாணமான அன்று பந்தியில் எங்கள் வீட்டுக்காரரின் சித்தி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது, 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.' களை எங்கோ போய்விட்டது, அந்த 'இருந்தாலும்' இன்னும் இலையில் வைத்த ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது. அந்தச் சித்திக்குக் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஒவ்வொரு கரண்டிக்கும் மனசுக்குள் ஒரு 'இருந்தாலும்' போட்டுத்தான் ஊட்டினேன். ஒரு பிள்ளையின் தகப்பன், பெயர் மறந்துவிட்டது, 'டீச்சர் நல்லாத்தான் நடத்துதாவ, பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஏறல' என்றான். அந்த 'தான்' பல வருஷம் வலித்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் வரிசையாக வந்து காலில் விழுந்திருக்கிறார்கள், அவர்கள் முகமெல்லாம் கலந்து ஒரே முகமாகிவிட்டது. இந்த மனசு என்ன சல்லடையோ, மாவையெல்லாம் கீழே விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கல்லை வைத்துத்தான் சுவர் கட்டினேன்.

அந்த நாளை நினைக்காமல் இருந்தால்தானே திரும்ப நினைக்க. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஆண்டாய்வு. பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை, வேப்ப மரத்துக்குக்கூட இடுப்புவரை வெள்ளையடித்திருந்தார்கள். மற்ற டீச்சர்மார் எல்லாரும் பத்து நாள் முன்பே பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, அதையே புதுப்பாடம் மாதிரி நடத்தத் தயாராக இருந்தார்கள். பிள்ளைகளுக்கும் ஒத்திகை. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. ஆபீசருக்குக் கை மட்டும்தான் தெரியும், டீச்சருக்கு எந்தக் கை என்று தெரியும், வலது கையாகப் பார்த்து எழுப்பிவிட வேண்டியது. காலகாலமாக நடக்கிற கூத்து. எனக்கும் சொல்லித் தந்தார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். என்ன திமிர் எனக்கு அப்போது! இன்றைக்கும் அந்தத் திமிரை நினைத்தால் முதுகு நிமிர்கிறது. தெரியாத பிள்ளை தெரியாது என்று உட்கார்ந்திருக்கட்டும், நான் சொல்லிக்கொடுப்பதை ஆபீசர் பார்க்கட்டும் என்று, ஏழாம் வகுப்புக்குப் புத்தம் புதுப் பாடத்தை எடுத்துக்கொண்டு போனேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. ஏன் கீழே இருப்பதைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? மனப்பாடம் இல்லை, ஏன்? ஒரு தாளை அரையாகக் கிழித்துக் காட்டினேன். இந்த அரைக்குள் எத்தனை கால் இருக்கிறது? கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதில் வரும்வரை காத்திருப்பது என் பழக்கம். சாதாரண நாளாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு குரலாவது வரும். அன்றைக்குப் பிள்ளைகள் வாசலோரம் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த ஆபீசரைப் பார்த்தன, அவர் மடியில் கிடந்த ஃபைலைப் பார்த்தன, ஒரு கையும் எழும்பவில்லை, வலதும் இல்லை, இடதும் இல்லை. மின்விசிறி கிரீச் கிரீச் என்றது. மறுபடியும் கேட்டேன். காத்திருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டுக்கு உள்பக்கமாகக் கட்டியிருந்தார், பழுப்பு வார், அதில் ஒரு ஓட்டை கூடுதலாகக் குத்தியிருந்தது. 'அம்மா, நீங்க உட்காருங்க. நான் நடத்துறேன்.'

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அன்றைக்கே கணக்கு தீர்ந்திருக்கும். பஸ்ஸில் வயசானவர்களுக்குச் சொல்கிற மாதிரி, இரக்கமாக, நீங்க உட்காருங்க. எங்கே உட்கார? என் நாற்காலியில் அவருடைய ஃபைல். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், அங்கேதான் இடம் இருந்தது. ஏதோ ஒரு பிள்ளை தனியாக இருந்தது. யார் என்று நினைவில்லை. கடிகார வாரில் இருந்த ஓட்டை நினைவிருக்கிறது, பக்கத்தில் இருந்த பிள்ளை நினைவில்லை. அவர் தலைகீழாக்கு, பெருக்கு, தலைகீழாக்கு, பெருக்கு என்று இரண்டு தடவை சொன்னார், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லின, பலகையில் விடை வந்துவிட்டது, 'பாத்தீங்களா, இவ்வளவுதான்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அவர் போன பிறகு ஆசிரியர் அறையில் மெதுவடையும் கேசரியும். எனக்கும் ஒரு தட்டு. 'ஒத்திகை பாத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா' என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், யார் காதிலும் விழக்கூடாது என்கிற மெதுவில்லை அது. கேசரியைத் தின்று முடித்தேன். மிச்சம் வைத்தால் அழுதாள் என்பார்கள்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் லேபில் போட்டுவிட்டு வந்தேன். உட்காருங்க என்றீரே, உட்கார நாற்காலியே இல்லை, போங்கள். அன்றைக்குப் பின்னம், ஏன் என்ற கேள்வியோடு, முழு வகுப்பும் புரிந்துகொள்ளும்வரை. அதற்கப்புறம் உட்காரவில்லை. மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டும் நின்றேன். காய்ச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருஷம் ஆக ஆக முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகப் புடைத்தது, டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார், சேலைக்குள்ளே அதை மாட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்காரர் வெந்நீர் வைத்துத் தருவார். அதோ முதல் வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்த மனுஷன், என் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தே கை மெத்தென்று ஆகிவிட்டது. 'ஏன் புஷ்பம், கால் இப்படி இருக்குல்லா, உக்காந்து நடத்துனா யாரு கேக்கப் போறா?' என்பார். யாரும் கேட்க மாட்டார்கள். அவரிடம்கூடச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னால் இவ்வளவுதானா என்று ஆகிவிடும். யார்தான் புரிந்துகொள்வார்கள், ஒருவர் மரியாதையாக உட்காருங்கள் என்று சொன்னதற்காகவா என்பார்கள். ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல், பார்த்தீரா தாணுலிங்கம், இன்றைக்கும் நின்றேன். அந்த வலி எனக்கு நகை மாதிரி. என் பிள்ளைகளில் கணக்கில் தோற்றவள் என்று சொல்ல விரல் விட்டு எண்ணினாலும் விரல் மிஞ்சும். ஏன் என்று கேட்காமல் ஒரு பிள்ளையும் என் வகுப்பைத் தாண்டிப் போனதில்லை. இதையெல்லாம் யாருக்காகச் செய்தேன்? பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாசலோரம் ஒரு ஆபீசர் உட்கார்ந்திருந்தார், கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டிக்கொண்டு.

'இந்த மைக்கு ரொம்பச் சத்தமா இருக்கு இல்ல?' என்று என் பக்கம் சாய்ந்து கேட்கிறார் அந்த ஆபீசர். மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் சுருங்கி, ஊசி குத்திய நீலம். 'ஆமா சார்' என்றேன். 'நீங்களும் இந்த ஸ்கூல்தானா?' என்கிறார். எனக்குத்தான் மாலை போட்டிருக்கிறது, எனக்குத்தான் சிங்க நாற்காலி, நீங்களும் இந்த ஸ்கூல்தானா! நான் பயந்தது இதற்குத்தான். வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் இவர் மகளைப் பார்த்து, 'என்ன சொல்றாங்க' என்று கேட்டுவிட்டால்? மகள் காதில் உரக்கச் சொல்ல, இவர், 'அப்படியா, நானா, இருக்கும் இருக்கும்' என்று சிரித்துவிட்டால்? அப்படியானால் நான் நின்றது எல்லாம் யாரைப் பார்த்து? சாக்பீஸை மறுபடியும் வாங்கிக்கொண்ட மாதிரிதானே? லூர்து மேரி அவரைப் பேச அழைக்கிறாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது, 'தங்கபுஷ்பம் டீச்சரை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் ஆய்வுக்கு வந்தப்பவே பாத்தேன். அப்பவே பிரமாதமா நடத்துவாங்க' என்கிறார். பொய். பச்சைப் பொய். துண்டுத்தாளில் என் பெயரைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். காது மடல் சுட்டது. இருக்கட்டும், இனிமேல் இரக்கம் கிடையாது, சொல்லத்தான் போகிறேன். வாக்கியத்தை நாக்குக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பேச வேண்டும், பெற்றோர் சார்பில் பிரகாசி. கிளிப்பச்சைப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வருகிறாள். என்னிடம் படித்தவள்தான், கணக்கு சுமார். இப்போது கருவாட்டு மொத்த வியாபாரம், இரண்டு வேன் ஓடுகிறது, மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பு. சீக்கிரம் முடித்துவிட்டுப் போ பிரகாசி, எனக்கு வேலை இருக்கிறது.

'எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசத் தெரியாது. யாவாரத்துல வாயாடுவேன், அது வேற' என்கிறாள். சிரிக்கிறார்கள். 'நான் டீச்சர்ட்ட ஏழாப்பு படிச்சேன். எங்கம்மா அப்ப தலைச்சுமடா கருவாடு விக்கும். ஒத்த ரூம்பு வீடு, அதுலதான் கருவாட்டுக் கூடையும் கெடக்கும், நாங்களும் கெடப்போம். என்ன சோப்பு போட்டாலும் பாவாடையில வாட போவாது. எங்கிட்ட ஒரு பிள்ள உக்காராது. கடைசி பெஞ்சுல நான் ஒத்தையிலதான் இருப்பேன். டீச்சர்மாருக்குத் தெரியும், தெரியாத மாரி இருந்துக்கிடுவாவ.' டீச்சர்மார் என்றால் நானும்தானே. சிங்கத்தின் மூக்கிலிருந்து விரலை எடுத்தேன். 'ஒருநா பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்தாவ. யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல.' சார் பிஸ்கட் துகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். 'அவிய பாடம் எடுக்கேன்னு நின்னாவ. டீச்சர் சுத்தி ஒரு பார்வ பாத்தாவ. முன் பெஞ்சுல வனஜா தள்ளி எடம் விட்டா. ரெண்டாம் பெஞ்சுல பானுவும் விட்டா. டீச்சர் எல்லாத்தையும் தாண்டி நேரா எங்கிட்ட வந்தாவ. வந்து, தள்ளி உக்காருன்னாவ.' நான் அப்படிச் சொன்னேனா? 'எனக்கு ஒண்ணும் ஓடல. வாட டீச்சருக்கு அடிச்சிரக் கூடாதேன்னு மூச்ச அடக்கிக்கிட்டே இருந்தேன். நான் மூச்சு விட்டா வாட டீச்சர் மூக்குக்குப் போயிரும்னு நெனப்பு, பைத்தியாரி. டீச்சர் மூக்கப் பொத்தல. மூஞ்சியத் திருப்பல. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. எனக்காவ அழுதாவ டீச்சர். பாடம் முடியுற மட்டும் எங்கிட்டயே இருந்தாவ. மறுநா வனஜா வந்து எங்கிட்ட உக்காந்தா. டீச்சரே உக்காந்தாவல்லா, பின்ன என்னன்னா.' கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள். 'எனக்கு யாரு என்ன பேசுனாலும், கருவாட்டுக்காரின்னு வஞ்சாலும், எங்க டீச்சர் எங்கிட்ட வந்து உக்காந்தாவன்னு நெனச்சுக்கிடுவேன். போயிரும்.'

கைதட்டல், தகரக் கூரை அதிர்கிறது, எங்கள் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். எனக்கு மட்டும் வனஜாவின் பாவாடை தெரிகிறது. நீலப் பாவாடை, பரபரவென்று ஓரத்துக்கு நகர்ந்து, பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு, இங்க டீச்சர், இங்க. ஆமாம், இருந்தது. முன் பெஞ்சில் இடம் இருந்தது. இத்தனை வருஷமும் கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது என்று எனக்கே சொல்லிச் சொல்லி அதை அழித்து வைத்திருக்கிறேன். முன்னால் அவர் முகத்துக்கு நேரே உட்கார முடியாது என்றுதான் பின்னால் போனேன். ஒளியப் போனேன். கண் கலங்கியது எனக்காக. பக்கத்தில் ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, வாடை அடித்ததா அடிக்கவில்லையா என்றுகூடத் தெரியாது, அவமானத்தில் எனக்கு மூக்கா இருந்தது? இவள் அந்த நாளை எடுத்துக்கொண்டுபோய் வேறு ஏதோ ஒன்றாக ஆக்கி, அதை வைத்து ஒரு வாழ்க்கையே வாழ்ந்திருக்கிறாள். இப்போது நான் எழுந்து என் வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும்? ஓ, டீச்சரை ஆபீசர் உட்கார வைத்தாரா, அதனால் வந்து உட்கார்ந்தாரா, அதனால் அழுதாரா. இவள் முகம் என்ன ஆகும்? சரி, சொல்லாமல் இருந்துவிட்டால்? செய்யாத நல்லதுக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை, மாட்டேன் என்றவள் நான். அந்த மாட்டேனில்தான் என் மொத்தப் பெருமையும் இருக்கிறது. ஓய்வு பெறுகிற நாளிலா நான் இடது கையைத் தூக்குவது?

'இப்போது டீச்சரின் ஏற்புரை' என்கிறாள் லூர்து மேரி. மைக்கை என் நாற்காலிப் பக்கம் கொண்டுவந்து தண்டைக் கீழே இறக்குகிறாள். 'கால் வலி இருக்குல்லா டீச்சர், நீங்க உட்கார்ந்தே பேசுங்க.' எழுந்துவிட்டேன். முழங்கால் கடகடவென்றது, மாலை ஒரு பக்கம் சரிந்தது, டீக்கறைப் பொன்னாடை கீழே விழுந்தது, கிடக்கட்டும். மைக்கை நானே உயர்த்திக்கொண்டேன். பிள்ளைகள், வெள்ளை ரிப்பன், வெள்ளை ரிப்பன், வெள்ளை ரிப்பன். மூன்றாவது வரிசையில் கிளிப்பச்சை. வழவழவென்று தேய்த்து வைத்த வாக்கியம் நாக்குக்குக் கீழே இருக்கிறது. காத்திருந்தேன். பதில் வரும்வரை காத்திருப்பது என் பழக்கம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மின்விசிறி சுற்றியது, இந்தத் தடவை யாரும் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கவில்லை.

'தாணுலிங்கம் சார் ஒரு நாள் என் வகுப்புக்கு வந்தாங்க' என்று ஆரம்பித்தேன். குரல் கிழியவில்லை, நன்றாகவே வந்தது. 'நீங்க உட்காருங்க, நான் நடத்துறேன்னு சொன்னாங்க. பிரகாசி சொன்னது அந்த நாளைத்தான். சாருக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு.' அவர் பெயர் காதில் விழுந்ததும் சார் தலையாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கைதட்டுகிறார். 'உட்காருங்கன்னு சொன்னாங்களே தவிர, எங்கே உட்காரணும்னு சார் சொல்லலை. முன் பெஞ்சிலயும் இடம் இருந்துச்சு. கடைசி பெஞ்சுக்கு நானாத்தான் நடந்து போனேன். அதுக்காக சாருக்கு நன்றி. நல்லா இருங்க எல்லாரும்.' அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பொய் கிடையாது. எதற்காகப் போனேன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், தெரிந்த பதில்தான், வலது கையையே தூக்கியிருப்பேன். நின்ற திருக்கோலம் என்று தமிழய்யா சொன்னதும் அப்படியே இருக்கட்டும். அதற்கு என் கால் விலை கொடுத்திருக்கிறது, எனக்கு அது சொந்தம்.

தேசிய கீதத்துக்கு முன்னால் இன்னும் நன்றியுரை இருக்கிறது, அறிவியல் டீச்சர் தாளோடு வருகிறாள், பந்தல்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை ஒருவரையும் விடமாட்டாள். ராஜா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். மூக்குடைந்த சிங்கம் என்னைப் பார்த்தது. மாலையைக் கழற்றி அதன் தலையில் மாட்டிவிட்டு, படியில் பார்த்துப் பார்த்து மேடையிலிருந்து இறங்கினேன். 'டீச்சர், எங்க போறீங்க?' என்கிறாள் லூர்து மேரி. முதல் வரிசையில் எங்கள் வீட்டுக்காரர் பதறி எழுந்து, தன் நாற்காலியைத் துண்டால் துடைத்து, 'இங்க உக்காரு புஷ்பம், இங்க' என்கிறார். பாவம். கையால் சும்மா இருங்கள் என்று காட்டிவிட்டு அவரைத் தாண்டினேன். இரண்டாவது வரிசையிலும் யாரோ இடம் விட்டார்கள். தாண்டினேன். கால் ஒவ்வொரு எட்டுக்கும் சுருக் சுருக்கென்று குத்தியது. மூன்றாவது வரிசை ஓரத்தில் பிரகாசி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தள்ளி உக்காரு' என்றேன்.

தள்ளினாள். உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது, முப்பது வருஷத்து அப்பாடா, கால் இரண்டையும் நீட்டி, செருப்பைக் கழற்றி, பச்சை நரம்பு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டேன். மல்லிகை வாசனை, பவுடர் வாசனை, அதற்கெல்லாம் கீழே, ஆமாம், லேசாகக் கருவாட்டு வாடையும் இருந்தது. இந்தத் தடவை எனக்கு மூக்கு இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பட்டும் நகையுமாக, இரண்டு வேனுக்குச் சொந்தக்காரி, தோளை ஒடுக்கிக்கொண்டு, கண் நிறைய நீரோடு, நெஞ்சு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

'மூச்சு விடுட்டி' என்றேன்.